கர்சனின் சட்டைப் பை: இஸ்மெத் இனோனு, ஒரு நிகழ்வு ஆய்வு

1923 பிப்ரவரி 4, மாலை நேரம். சுவிட்சர்லாந்தின் லோசான் ரயில் நிலையத்தில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கர்சன் பிரபுவின் ரயில் புறப்படத் தயாராக நின்றது. நேரமாகியும் வண்டியை உடனே எடுக்கவில்லை. துருக்கித் தூதுக்குழுவின் தலைவர் கடைசி நிமிடத்திலாவது வந்து, சரி, அமைதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிடுவார் என்று கர்சன் தரப்பில் எதிர்பார்த்தார்கள். அவர் வரவில்லை. வண்டி கிளம்பிவிட்டது.

வராமல் இருந்தவர் இஸ்மெத் பாஷா. வயது 38. வெளியுறவு அமைச்சராகி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன் வாழ்நாளெல்லாம் பட்டாளத்துக்காரர். எதிரே இருந்த கர்சனுக்கு 64 வயது. நமக்கு நன்றாகத் தெரிந்தவர்தான்: 1899 முதல் 1905 வரை இந்தியாவின் வைஸ்ராய், வங்காளத்தை இரண்டாக வெட்டியவர். ஆசியாவைப் பற்றித் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று நம்பிய மனிதர். அப்படிப்பட்டவரைக் கையெழுத்து இல்லாமல் ஊருக்கு அனுப்பிவைத்தார் காது சரியாகக் கேட்காத ஒரு பீரங்கிப் படை அதிகாரி.

முதல் உலகப் போருக்குப் பின் துருக்கியோடு அமைதி பேச லோசானில் கூடிய அந்த மாநாட்டின்போது கர்சன் சொன்ன ஒரு வார்த்தையை இஸ்மெத் கடைசிவரை மறக்கவில்லை. பிற்காலத்தில் பலமுறை அதைச் சொல்லியிருக்கிறார். படைத்தளபதி, தூதர், பிரதமர், குடியரசுத் தலைவர், எதிர்க்கட்சித் தலைவர், மறுபடியும் பிரதமர் என்று நீண்ட அவருடைய வாழ்க்கையை அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம் என்பது என் எண்ணம். அதைச் சொல்வதற்கு முன், அந்த மனிதர் லோசானுக்கு எப்படி வந்துசேர்ந்தார் என்று பார்த்துவிடுவோம்.

பின்வாங்கத் தெரிந்த படைத்தலைவர்

இஸ்மெத் 1884 செப்டம்பரில் இஸ்மிரில் பிறந்தார். அப்பா நீதித்துறையில் அரசு உத்தியோகம் பார்த்தவர். பிள்ளைப் பருவம் பெரும்பாலும் சிவாஸ் நகரில். 1903இல் பீரங்கிப் பள்ளியை முடித்தார். 1906இல் போர்க் கல்லூரியை முடித்துத் தலைமையக அதிகாரியானார். 1910களின் தொடக்கத்தில் யேமனுக்குப் போனார். அங்கே இமாம் யஹ்யாவின் கிளர்ச்சியைத் துப்பாக்கியால் மட்டும் அடக்க முடியாமல், கடைசியில் 1911இல் உடன்பாடு செய்துகொண்டது அன்றைய துருக்கிப் பேரரசான ஒட்டோமான் அரசு. அந்தப் பேச்சில் இளம் அதிகாரியான இஸ்மெத்துக்கும் பங்கு இருந்தது. எதிராளியோடு ஒரே விரிப்பில் உட்கார்ந்து பேசுவதை முதலில் பழகியது அங்கேதான்.

முதல் உலகப் போரில் காகசஸ் முனையில், பின்னாளில் அத்தாதுர்க் என்று அழைக்கப்பட்ட முஸ்தஃபா கெமாலோடு வேலை செய்தார். பிறகு பாலஸ்தீனம். 1917 அக்டோபர் 31 அன்று பீர்ஷேபாவில் ஆஸ்திரேலியக் குதிரைப்படை பாய்ந்து ஊரைப் பிடித்ததே, அந்த ஊரைக் காத்துத் தோற்ற மூன்றாவது படைப்பிரிவுக்குத் தலைவர் இவர்தான். அடுத்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் ஜெனரல் ஆலன்பியின் படை பாலஸ்தீன முனையை நொறுக்கியபோதும் தோற்ற பக்கத்தில் இருந்தார். ஆலன்பியின் படையில் இந்தியச் சிப்பாய்கள் ஏராளம். ஆக, 34 வயதுக்குள் ஒரு பேரரசே கண்முன் உடைந்து விழுவதைக் களத்தில் நின்று பார்த்தாகிவிட்டது.

போர் முடிந்து, இஸ்தான்புல்லை நேச நாடுகள் பிடித்து வைத்திருந்த நேரத்தில், 1920 ஏப்ரலில் அங்காராவுக்கு வந்து, அங்கிருந்து எதிர்ப்பை நடத்திக்கொண்டிருந்த முஸ்தஃபா கெமாலோடு சேர்ந்தார். மேற்கு முனைக்குத் தளபதியானார். 1921 ஜனவரியிலும், மார்ச் கடைசி முதல் ஏப்ரல் 1 வரையிலும் இனோனு என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் மேற்குத் துருக்கிக்குள் புகுந்திருந்த கிரேக்கப் படையை இரண்டு முறை தடுத்து நிறுத்தினார். இரண்டாவது வெற்றி முடிந்ததும் முஸ்தஃபா கெமால் அனுப்பிய தந்தி துருக்கியில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்: நீங்கள் அங்கே வென்றது பகைவனை மட்டுமல்ல, இந்தத் தேசத்தின் கெட்ட விதியையும்தான். 1934இல் எல்லோரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டம் வந்தபோது கெமால் அவருக்குக் கொடுத்த பெயரும் அதே ஊரின் பெயர். அதுவரை அவர் வெறும் இஸ்மெத்.

ஆனால் அவரைப் புரிந்துகொள்ள இனோனு வெற்றியைவிட, அடுத்து வந்த தோல்விதான் உதவும். 1921 ஜூலையில் குத்தாஹ்யா, எஸ்கிஷெஹிர் பகுதியில் கிரேக்கப் படை அவரை முறியடித்தது. களத்துக்கு வந்து நிலைமையைப் பார்த்த முஸ்தஃபா கெமால், ஊர்களை விடுங்கள், படையைக் காப்பாற்றிக்கொண்டு சகார்யா ஆற்றுக்குக் கிழக்கே வாருங்கள் என்றார். எஸ்கிஷெஹிர் அன்று மேற்கு அனத்தோலியாவின், அதாவது ஆசியத் துருக்கியின் மேற்குப் பகுதியின், முக்கிய ரயில் சந்திப்பு. அதையே விட்டுவிட்டு வர வேண்டும். அங்காரா நாடாளுமன்றத்தில் கூச்சல் எழுந்தது. படை எங்கே போகிறது, மக்களை எங்கே இழுத்துப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். இஸ்மெத் படையை ஆற்றுக்கு அப்பால் கொண்டுவந்து சேர்த்தார். ஆகஸ்ட் 23இல் தொடங்கி 22 நாள் நடந்த சகார்யா போரில் கிரேக்கர்களை நிறுத்தியது அந்தப் படைதான். ஓராண்டு கழித்து, 1922 ஆகஸ்ட் 26இல் துருக்கியர் பெரும் தாக்குதலைத் தொடங்கினார்கள். செப்டம்பர் 9இல் இஸ்மிருக்குள் நுழைந்தார்கள்.

இந்தப் பின்வாங்கலை நான் இவ்வளவு சொல்லக் காரணம் உண்டு. ஊர் போனாலும் பரவாயில்லை, படை இருந்தால் ஊரைத் திரும்ப எடுக்கலாம் என்ற கணக்கை அவர் உடம்பால் கற்றுக்கொண்டது அப்போதுதான். லோசானில் அவர் போட்டதும் இதே கணக்கு.

முதன்யா

இஸ்மிர் விழுந்ததும் துருக்கிப் படை டார்டனெல்ஸ், பாஸ்பரஸ் நீரிணைகளை நோக்கித் திரும்பியது. சானக்கலேயில் பிரிட்டிஷ் படையும் துருக்கிப் படையும் நேருக்கு நேர் நின்றன. ஒரு துப்பாக்கி தவறி வெடித்திருந்தால்கூட மறுபடியும் பெரிய போர் மூண்டிருக்கும். அப்போதுதான் மர்மரா கடலோரத்தில் உள்ள முதன்யா என்ற சிறு ஊரில் 1922 அக்டோபர் 3 அன்று போர் நிறுத்தப் பேச்சு தொடங்கியது. பிரிட்டனுக்கு ஜெனரல் ஹாரிங்டன், பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் ஆளுக்கொரு ஜெனரல், துருக்கிக்கு இஸ்மெத். கிரேக்கப் பிரதிநிதிகள் கப்பலிலேயே இருந்தார்கள், மேசைக்கு வரவில்லை. அக்டோபர் 11இல் கையெழுத்தானது. ஐரோப்பியப் பக்கத்தில் உள்ள கிழக்குத் திரேஸ் முழுவதையும் ஒரு குண்டுகூடச் சுடாமல் துருக்கி திரும்பப் பெற்றது.

அதற்கு எட்டு நாள் கழித்து லண்டனில் பிரதமர் லாயிட் ஜார்ஜ் பதவி இழந்தார். இந்தச் சானக்கலே விவகாரமும் அதற்கு ஒரு காரணம்.

முதன்யாவில் இஸ்மெத் நடந்துகொண்ட விதத்தைப் பார்த்துத்தான் முஸ்தஃபா கெமால் அவரை அமைதி மாநாட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார். நான் சிப்பாய், எனக்கு இது வராது என்று அவர் தயங்கினார். அக்டோபர் 26இல் அவரை வெளியுறவு அமைச்சராக்கிவிட்டார்கள். மாநாட்டுக்கு அங்காராவோடு சேர்த்து இஸ்தான்புல் சுல்தானின் அரசையும் நேச நாடுகள் அழைத்திருந்தன. ஒரு நாட்டுக்கு இரண்டு வாய் இருந்தால் எதிராளிக்குக் கொண்டாட்டம். நவம்பர் 1 அன்று அங்காரா நாடாளுமன்றம் சுல்தான் பதவியையே ஒழித்துவிட்டது. நவம்பர் 17 அன்று சுல்தான் பிரிட்டிஷ் போர்க்கப்பலில் ஏறிப் போனார். அதற்கு மூன்று நாள் கழித்து லோசானில் மாநாடு தொடங்கியது.

எட்டு மாதப் பேச்சு

அங்காரா அவர் கையில் கொடுத்தது 14 அம்சம் கொண்ட ஒரு பட்டியல். எல்லைகள், தீவுகள், நீரிணைகள், கடன் என்று அதில் எல்லாம் இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு முயன்று பாருங்கள், முடியாவிட்டால் அங்காராவைக் கேளுங்கள் என்ற தொனி. இரண்டு இடத்தில் மட்டும் பேச்சை முறித்துக்கொண்டு வரலாம் என்று அனுமதி. ஒன்று, கிழக்கில் ஆர்மீனியர்களுக்குத் தனிநாடு. மற்றது, கேப்பிட்டுலேஷன்.

இந்த இரண்டாவது சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கேப்பிட்டுலேஷன் என்பது ஒட்டோமான் சுல்தான்கள் பல நூற்றாண்டுகளாக ஐரோப்பியர்களுக்குக் கொடுத்துவந்த சலுகைகள். பலமாக இருந்த காலத்தில் தாராளமாகக் கொடுத்தார்கள், பலம் குறைந்த பிறகு அவை கழுத்துக் கயிறாகிவிட்டன. வெளிநாட்டுக்காரன் குற்றம் செய்தால் அவனுடைய தூதரக நீதிமன்றத்தின் கை இருக்கும். பல வரிகள் அவனுக்குக் கிடையாது. வல்லரசுகளின் சம்மதம் இல்லாமல் சுங்க வரியை உயர்த்த முடியாது. ஊருக்குள்ளேயே வெளிநாட்டுத் தபால் நிலையங்கள் இயங்கின. இது போதாதென்று 1881 முதல் கடன்காரர்களின் நிர்வாகம் ஒன்று நாட்டுக்குள் உட்கார்ந்து உப்பு, புகையிலை, முத்திரைத்தாள், மது, மீன், பட்டு ஆகியவற்றின் வருமானத்தை நேரடியாக வசூலித்துக்கொண்டிருந்தது. உப்பு வரி என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

லோசானில் மூன்று குழுக்கள் அமைந்தன. எல்லையும் நீரிணையும் கர்சன் தலைமையில். வெளிநாட்டவர் உரிமை இத்தாலியர் தலைமையில். பணமும் கடனும் பிரெஞ்சுக்காரர் தலைமையில். அதாவது துருக்கிக்கு எதிரே இருந்த மூவரும் ஆளுக்கொரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்கள். தொடக்க விழாவில் சுவிஸ் அதிபரும் கர்சனும் பேசினார்கள். இஸ்மெத்தும் எழுந்து தன் உரையைப் படித்தார். கர்சன் பேசினால் நானும் பேசுவேன், இது தோற்றவனும் ஜெயித்தவனும் சந்திக்கும் இடம் இல்லை என்பதை முதல் நாளே எல்லோர் கண்ணிலும் படும்படி செய்துவிட்டார்.

அப்புறம் அவருடைய காது. மந்தமான காது என்பது உண்மை. ஆனால் கர்சன் அரை மணி நேரம் அழகான ஆங்கிலத்தில் பொழிந்து முடித்ததும், இஸ்மெத் பக்கத்தில் இருப்பவரிடம் குனிந்து கேட்டு, மறுபடியும் சொல்லச் சொல்லி, யோசித்து, நாளைக்குப் பதில் தருகிறேன் என்பார். அவருக்குக் கேட்காதது எவ்வளவு, கேட்காததுபோல் இருந்தது எவ்வளவு என்று எதிரே இருந்தவர்களால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. நாளைக்கு வரும் பதிலும் நேற்றைய பதிலாகவே இருக்கும். துருக்கியின் இறையாண்மையைப் பாதிக்கும் எதையும் ஏற்க முடியாது. தேய்ந்த இசைப்பெட்டி மாதிரி ஒரே பாட்டு, இறையாண்மை, இறையாண்மை என்று கர்சன் பொறுமை இழந்து கடிந்துகொண்டதை அமெரிக்கப் பார்வையாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இஸ்மெத்துக்கும் அங்காராவுக்கும் இடையே ஓடிய தந்திகளைப் பிரிட்டிஷ் உளவுத்துறை இடைமறித்துப் படித்துக்கொண்டிருந்தது. அவர் கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று எதிராளிக்குத் தெரியும். அப்படியும் அவரை அசைக்க முடியவில்லையே, அதற்கு என்ன காரணம்? அவருடைய நிலைப்பாடு ரகசியத்தை நம்பி இருக்கவில்லை. எதை விடமாட்டார் என்பதைத் தினமும் வாய்விட்டே சொல்லிக்கொண்டிருந்தார். தந்தியைத் திருடிப் படித்தவனுக்கும் அதேதான் கிடைத்தது.

ஒரு நாள் கர்சன் அவரிடம் சொன்னார். இஸ்மெத் பின்னாளில் நினைவுகூர்ந்தபடி அதன் சாரம் இது: நாங்கள் கேட்கும் எதற்கும் நீங்கள் சம்மதிப்பதில்லை. நீங்கள் மறுப்பதையெல்லாம் நாங்கள் சட்டைப் பையில் போட்டு வைத்துக்கொள்கிறோம். உங்கள் நாடு பாழாகிக் கிடக்கிறது. நாளைக்கு அதைக் கட்ட வேண்டாமா? பணம் வேண்டும். பணம் எங்களிடம்தான் இருக்கிறது. அப்போது எங்களிடம் வந்து மண்டியிடுவீர்கள். பையில் போட்டதை ஒவ்வொன்றாக எடுத்து உங்களுக்குக் காட்டுவோம். அப்போதைக்கு அப்போது பார்த்துக்கொள்ளலாம், இப்போது உள்ளதை முடிப்போம் என்பதுபோல் இஸ்மெத் பதில் சொன்னார்.

நான் ஆரம்பத்தில் சொன்ன வார்த்தை இதுதான். கர்சன் மிரட்டுவதற்காகச் சொன்னார், ஆனால் அது உண்மை என்று இஸ்மெத்துக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிட்டது.

பிப்ரவரி 4 அன்று கர்சன் ஒப்பந்த வரைவை நீட்டி, இதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை என்றார். பல பிரிவுகளை ஏற்கிறேன், வெளிநாட்டவருக்கான நீதிமன்ற ஏற்பாட்டையும் பொருளாதாரப் பிரிவுகளையும் ஏற்க மாட்டேன் என்றார் இஸ்மெத். ரயில் போனது. இடைவெளியில் பிப்ரவரி 17 முதல் இஸ்மிரில் துருக்கியர் பொருளாதார மாநாடு நடத்தினார்கள். விவசாயி, வணிகர், தொழிலாளி எல்லோரையும் கூட்டி உட்காரவைத்துப் பேசிய கூட்டம் அது. சட்டைப் பைக்குப் பதில் தேடும் வேலை அங்கேயே தொடங்கிவிட்டது.

ஏப்ரல் 23இல் மாநாடு மறுபடியும் கூடியது. கர்சன் வரவில்லை, பிரிட்டன் சார்பில் ரம்போல்ட் வந்தார். இந்தச் சுற்றில் இஸ்மெத்துக்குப் பெரிய தலைவலி எதிராளிகள் அல்ல, சொந்தப் பிரதமர். ரவுஃப் பே கடற்படைக்காரர், பழைய நண்பர். கிரேக்கத்திடம் போர் இழப்பீடு வாங்கியே ஆக வேண்டும் என்றார். இழப்பீடு கொடுக்கக் கிரேக்கத்திடம் காசு இல்லை, அதற்குப் பதிலாக எதிர்னே பக்கத்தில் காராகாச் என்ற சிறு பகுதியை வாங்கிக்கொள்ளலாம் என்றார் இஸ்மெத். தந்திகள் சூடாகப் பறந்தன. ஜூலையில் கையெழுத்திட அனுமதி கேட்டபோது ரவுஃப் இழுத்தடித்தார். இஸ்மெத் நேரடியாக முஸ்தஃபா கெமாலுக்குத் தந்தி அடித்து, அவர் சம்மதத்தை வாங்கினார். இஸ்மெத்தை வரவேற்க நிற்க மனமில்லாமல் ரவுஃப் பதவியை விட்டுவிட்டார். அந்த நட்பு அதோடு போயிற்று.

1923 ஜூலை 24 அன்று லோசானின் ரூமின் மாளிகையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 143 பிரிவுகள். 28வது பிரிவு ஒரே வாக்கியம்தான், கேப்பிட்டுலேஷன் எல்லா வகையிலும் ஒழிந்தது என்று சொல்கிறது. மூன்று ஆண்டுக்கு முன் செவ்ரேயில் நாட்டைத் துண்டு போட எழுதிய ஒப்பந்தம் செல்லாக் காகிதமானது. அக்டோபர் 6 அன்று துருக்கிப் படை இஸ்தான்புல்லுக்குள் நுழைந்தது.

எஸ்கிஷெஹிரை விட்டதுபோல இங்கேயும் அவர் பலவற்றை விட்டார். எண்ணெய் நிலமான மோசுல் முடிவாகாமல் போனது, 1926இல் ஈராக்குக்குச் சேர்ந்தது. நீரிணைக் கரைகளில் படை வைக்கக் கூடாது என்பதை ஏற்றார். சுங்க வரியை 1929 வரை கைவைக்க முடியாமல் கட்டிக்கொண்டார். ஒட்டோமான் கடனில் ஒரு பெரும் பங்கைத் தலையில் ஏற்றார். 20வது பிரிவின்படி சைப்ரஸ் பிரிட்டனுடையது என்று ஒப்புக்கொண்டார். இந்தச் சைப்ரஸைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.

லோசானில் நடந்த இன்னொன்றை மறைக்க நான் விரும்பவில்லை. 1923 ஜனவரி 30 அன்று துருக்கியும் கிரேக்கமும் மக்கள் பரிமாற்ற உடன்பாட்டில் கையெழுத்திட்டன. போரில் ஏற்கெனவே ஓடிப்போனவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கு, நான்கு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான முஸ்லிம்கள் துருக்கிக்கு. மதத்தை மட்டும் பார்த்தார்கள், மொழியைப் பார்க்கவில்லை. வீட்டில் துருக்கி மொழி மட்டுமே பேசிய கிறிஸ்தவர்கள் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் மட்டுமே தெரிந்த கிரீட் தீவு முஸ்லிம்கள் துருக்கிக்கும் போனார்கள். போன இடத்தில் அண்டை வீட்டாரிடம் தண்ணீர் கேட்கக்கூட மொழி இல்லை. இரண்டு அரசுகளும், நடுவில் நின்ற வல்லரசுகளும் சேர்ந்து எடுத்த முடிவு இது. இஸ்மெத்தின் கையெழுத்தும் அதில் இருக்கிறது.

பையைக் காலியாக வைத்திருத்தல்

1923 அக்டோபர் 29இல் குடியரசு பிறந்தது. மறுநாள் இஸ்மெத் அதன் முதல் பிரதமர். சில மாத இடைவெளி தவிர 1937 வரை அவர்தான்.

அந்த முதல் மாதங்களிலேயே நம் நாட்டின் பக்கமிருந்து ஒரு கடிதம் அவருக்கு வந்தது. இந்தியாவில் கிலாஃபத் இயக்கம் நடந்தபோது நம் மக்கள் அங்காராவுக்குக் காசு திரட்டி அனுப்பியிருந்தார்கள். அந்த உரிமையில், சுல்தான் பதவி போன பிறகும் மிஞ்சியிருந்த, முஸ்லிம் உலகின் தலைவர் என்ற கலீஃபா பதவியைக் காப்பாற்றுங்கள் என்று இந்திய முஸ்லிம் தலைவர்களான ஆகா கானும் சையத் அமீர் அலியும் 1923 நவம்பரில் எழுதினார்கள். கடிதம் இஸ்மெத் கைக்கு வருவதற்கு முன்பே இஸ்தான்புல் பத்திரிகைகளில் வெளியாகிவிட்டது. அங்காரா கொதித்தது, பத்திரிகை ஆசிரியர்களை விசாரணை மன்றத்தில் நிறுத்தினார்கள். 1924 மார்ச் 3 அன்று கலீஃபா பதவியே இல்லாமல் போனது. காப்பாற்ற எழுதிய கடிதம் முடிவை விரைவுபடுத்திவிட்டது.

கர்சன் சொன்ன பை அவர் ஆட்சி முழுவதும் கண்ணில் தெரிகிறது. ஒட்டோமான் அரசு கடன் வாங்கித்தான் ரயில் பாதை போட்டது. இஸ்மெத் பெரும்பாலும் வரவு செலவுத் திட்டப் பணத்திலேயே போட்டார். கிழக்கே மலைகளுக்குள் வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்டவாளம் நீண்டது. 1930இல் சிவாஸுக்கு ரயில் வந்தது, அவர் சிறுவனாகப் படித்த ஊர் அது. வெளிநாட்டு நிறுவனங்களின் பாதைகளை விலை கொடுத்து வாங்கினார்கள். கடன் வாங்கியபோதும் நிபந்தனை பார்த்து வாங்கினார்கள்: 1934இல் சோவியத் கொடுத்த 80 லட்சம் டாலரில் கய்சேரியில் நூற்பாலை எழுந்தது.

இதற்கான விலையை அனத்தோலியக் கிராமத்துக்காரன் வரியாகவும் உழைப்பாகவும் கொடுத்தான். எதிர்த்துக் கேட்கவும் வழி இல்லை. 1925இல் ஷேக் சயீத் தலைமையில் குர்துகள் கிளர்ந்தபோது இஸ்மெத் மறுபடியும் பிரதமராக வந்து ஒழுங்கு காக்கும் சட்டம் ஒன்றை நிறைவேற்றினார். அதை வைத்துப் பத்திரிகைகளும் எதிர்க்கட்சியும் மூடப்பட்டன. 1937இல் குர்துகள் வாழ்ந்த தெர்சிமில் படை நடவடிக்கை தொடங்கியபோதும் அவர்தான் பிரதமர். அடுத்த ஆண்டு வரை நீண்ட அந்த நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். லோசானில் இறையாண்மை என்று விடாமல் சொன்ன வாய், உள்நாட்டில் அந்தச் சொல்லைக் குர்துகளின் தலையில் இறக்கியது. அவரைப் பெரிதும் மதிக்கிறவன் நான். அதனாலேயே இதைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை.

அத்தாதுர்க் 1938 நவம்பர் 10 அன்று காலமானார். மறுநாள் இஸ்மெத் குடியரசுத் தலைவர். பத்து மாதத்தில் உலகப் போர். பிரிட்டன், பிரான்ஸோடு 1939 அக்டோபரில் ஒப்பந்தம், ஜெர்மனியோடு 1941 ஜூனில் ஒப்பந்தம். இரண்டு பக்கமும் இழுத்தார்கள். 1943 ஜனவரி 30 அன்று சர்ச்சிலே நேரில் வந்தார். அதானா பக்கத்தில் யெனிஜே நிலையத்தில், ரயில் பெட்டிக்குள் பேச்சு. டிசம்பரில் கெய்ரோவில் ரூஸ்வெல்ட்டும் சேர்ந்துகொண்டார். வருகிறோம், ஆனால் விமானம் வேண்டும், டாங்கி வேண்டும், பீரங்கி வேண்டும், அதெல்லாம் வந்துசேரட்டும் என்றார் இஸ்மெத். லோசானில் வேலை செய்த மந்தமான காது கெய்ரோவிலும் வேலை செய்தது. 1945 பிப்ரவரி 23 அன்று, போர் முடியும் தறுவாயில்தான் துருக்கி ஜெர்மனி மீது போர் அறிவித்தது. ஐக்கிய நாடுகள் சபையின் தொடக்கக் கூட்டத்துக்கு நுழைவுச் சீட்டு அது. சண்டையில் ஒரு துருக்கிச் சிப்பாயைக்கூட அவர் அனுப்பவில்லை. பீர்ஷேபாவைப் பார்த்தவர் அல்லவா.

போரில் இறங்காவிட்டாலும் ஏறத்தாழ பத்து லட்சம் பேரை ஆயுதத்தோடு எல்லையில் நிறுத்த வேண்டியிருந்தது. ரொட்டிக்கு ரேஷன். 1942 நவம்பரில் சொத்து வரி ஒன்று வந்தது. பெயரில் எல்லோருக்கும் பொது, வசூலில் ஆர்மீனியர், கிரேக்கர், யூதர் தலையில் பல மடங்கு விழுந்தது. கட்ட முடியாதவர்களின் கடையும் வீடும் ஏலத்துக்குப் போயின. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை எர்சுரூம் பக்கம் அஷ்காலே முகாமுக்கு அனுப்பிப் பனி அள்ளவும் கல் உடைக்கவும் வைத்தார்கள். சிலர் அங்கேயே இறந்தார்கள். 1944 மார்ச்சில் அந்த வரியை ரத்து செய்தார்கள். போன கடை திரும்ப வரவில்லை.

ஆட்சியை விட்டு இறங்கியது

போர் முடிந்ததும் சோவியத் ஒன்றியம் நீரிணையில் தளமும் கிழக்கில் நிலமும் கேட்டது. தனியாக நிற்க முடியாது. அமெரிக்காவிடம் போக வேண்டியதாயிற்று. 1947 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் உதவி அறிவித்தார். ஜூலை 12 அன்று இரு நாடும் உதவி ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் நான்காவது பிரிவு, கொடுத்த ஆயுதத்தைக் கொடுத்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும், வேறு எதற்கும் அமெரிக்கச் சம்மதம் வேண்டும் என்று சொன்னது. அன்று அது பெரிதாக யார் கண்ணிலும் உறுத்தவில்லை. அதே ஜூலை 12 அன்று இஸ்மெத் உள்நாட்டில் ஓர் அறிக்கையும் விட்டார்: ஆளுங்கட்சிக்கும் எதிர்க்கட்சிக்கும் நான் சமதூரத்தில் நிற்பேன்.

1946 தேர்தல் வெளிப்படையாக வாக்களித்து ரகசியமாக எண்ணிய தேர்தல். அதை யாரும் நியாயமானது என்று சொல்ல மாட்டார்கள். 1950இல் சட்டத்தைத் திருப்பிப் போட்டார்கள். ரகசிய வாக்கு, வெளிப்படை எண்ணிக்கை, நீதிபதிகள் மேற்பார்வை. மே 14 அன்று அவருடைய கட்சி படுதோல்வி அடைந்தது. ஏறத்தாழ 40 சதவீத வாக்கு வாங்கியும் 69 இடம்தான். தன் படத்தைப் பண நோட்டில் அச்சிட்டு, மாறாத தலைவர் என்று பட்டம் வாங்கியிருந்த மனிதர், குடியரசுத் தலைவரின் சங்காயா மாளிகையைக் காலி செய்துவிட்டு அங்காராவில் இருந்த தன் வீட்டுக்குப் போனார். இளஞ்சிவப்பு வீடு என்று இன்றும் அதைக் காட்டுகிறார்கள். அடுத்த பத்து ஆண்டு எதிர்க்கட்சித் தலைவர். 1959இல் உஷாக் நகரில் கூட்டம் எறிந்த கல் அவர் தலையில் பட்டது. அப்போது வயது 74.

1950இல் அவரைத் தோற்கடித்துப் பிரதமரான மெந்தெரெஸ் 1960 இராணுவப் புரட்சியில் வீழ்ந்து, 1961 செப்டம்பரில் தூக்கிலிடப்பட்டார். தூக்கு வேண்டாம் என்று ஆட்சியிலிருந்த ஜெனரலுக்கு இஸ்மெத் கடிதம் எழுதினார். கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, 77 வயதில், கூட்டணி அரசில் மறுபடியும் பிரதமரானார். அடுத்தடுத்து இரண்டு இராணுவக் கலகங்களை அடக்கினார். யூனிஃபார்ம் போட்டு வளர்ந்தவர், யூனிஃபார்ம் போட்டவர்களைப் பாசறைக்குத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்தார்.

பையிலிருந்து ஒரு காகிதம்

சைப்ரஸ் 1960இல் விடுதலை அடைந்தது. 1963 டிசம்பரில் அங்கே கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் மோதல் வெடித்தது. 1964 ஜூன் தொடக்கத்தில் தீவில் படையை இறக்கத் துருக்கி தயாரானது. ஜூன் 5 அன்று அமெரிக்க அதிபர் ஜான்சனின் கடிதம் வந்தது. இதில் சோவியத் தலையிட்டால் நேட்டோ உங்களைக் காக்கும் என்று எண்ண வேண்டாம் என்றது. கூடவே இன்னொன்றையும் எடுத்துக் காட்டியது. 1947 ஜூலை ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவு. நாங்கள் கொடுத்த ஆயுதத்தை இதற்குப் பயன்படுத்த அமெரிக்கா சம்மதிக்காது.

கர்சன் செத்து 39 ஆண்டு ஆகிவிட்டது. சட்டையும் வேறு ஆளுடையது. அதிலிருந்து வெளியே வந்த காகிதம், இஸ்மெத் தானே குடியரசுத் தலைவராக இருந்தபோது கையெழுத்தானது. தீவோ, லோசானில் அவர் தானே விட்டுக்கொடுத்தது. 79 வயதில் அந்தக் கடிதத்தைப் படித்தபோது அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அவர் செய்தது குத்தாஹ்யாவில் செய்ததுதான். படையை இறக்கவில்லை. கசப்பை மறைக்காமல் பதில் எழுதினார், அதே மாதம் வாஷிங்டன் போய் ஜான்சனோடு பேசினார். 1965 பிப்ரவரியில் அவருடைய அரசு கவிழ்ந்தது.

1972 மே மாதம், அவர் வளர்த்தெடுத்த எஜெவித், கட்சித் தலைமையை அவரிடமிருந்து வென்றெடுத்தார். 1973 டிசம்பர் 25 அன்று, 89 வயதில் இஸ்மெத் காலமானார். அங்காராவில் அத்தாதுர்க்கின் நினைவிடத்துக்கு எதிரே, அதே முற்றத்தின் மறுபக்கம் அடக்கம் செய்தார்கள்.

ஏழு மாதம் கழித்து, 1974 ஜூலை 20 அன்று, பிரதமர் எஜெவித்தின் உத்தரவில் துருக்கிப் படை சைப்ரஸில் இறங்கியது. 1975 பிப்ரவரியில் துருக்கிக்கு ஆயுதம் தருவதை அமெரிக்கா நிறுத்தியது.